இடது காதின் சாட்சி

டிரைவிங் மாஸ்டரிடம் கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வருபவர்களுக்கு முதல் நாள் கிளட்ச், இரண்டாம் நாள் கியர், மூன்றாம் நாள் அவருடைய மனைவியின் காது. இதில் யாருக்கும் விலக்கு கிடையாது. ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, எதிரே வரும் லாரியைப் பார்த்து வியர்த்துக்கொண்டிருக்கிற மனுஷன் எங்கே இறங்கி ஓடுவான்? "பிரேக்ல கால வைங்க, வச்சீங்களா? அப்பத்தான் சார், ஆண்டவர் எங்க வீட்டுக்காரி காதைத் தொட்டாரு" என்று மாஸ்டர் தொடங்குவார். ஒரு பேங்க்காரர் சரியாக அந்த இடத்தில் நாற்சந்தி நடுவே வண்டியை அணைத்துவிட்டார். அவருக்கு மனம் உடைந்துவிட்டது என்று மாஸ்டர் முடிவு கட்டி, ஞாயிற்றுக்கிழமை சபையில், ஆண்டவர் செய்த நன்மையை எழுந்து சொல்லும் சாட்சி வேளையில், அதையும் சேர்த்துச் சொன்னார்.

காதுக்குச் சொந்தக்காரிக்கோ இந்தக் கதை கேட்டுக் கேட்டுப் புளித்துப்போயிருந்தது. கேட்டதெல்லாம் வலது காதால்தான். இடது காது அன்றைக்கும் கேட்கவில்லை, இன்றைக்கும் கேட்கவில்லை.

நடந்தது இவ்வளவுதான். மூன்று வருடத்துக்கு முன் சபையில் விசேஷக் கூட்டம். வெளியூர் ஊழியக்காரர் ஒருவர் வியாதியஸ்தர்களை மேடைக்குக் கூப்பிட்டார். அவள் போகவில்லை, மாஸ்டர் முதுகில் கை வைத்துத் தள்ளிக்கொண்டு போனார். ஊழியக்காரர் அவள் தலையில் கை வைத்து உருக்கமாக ஜெபித்தார். பிறகு ஒரு காதை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு மறு காதில் ரகசியம்போல, "கேக்குதா?" என்றார். பொத்தியது இடது காதை. பேசியது வலது காதில். "கேக்குது" என்றாள். கேட்ட கேள்விக்கு அது உண்மையான பதில்தான். "ஆனா ஐயா" என்று அவள் வாயெடுப்பதற்குள் டிரம்ஸ் ஆரம்பித்துவிட்டது.

அந்த 'ஆனா'வை மறுநாள் காலையிலேயே வீட்டில் சொன்னாள். ஒரு தடவை அல்ல, ஒன்பது தடவை சொல்லியிருப்பாள்.

"சந்தேகப்படாத. சுகம் படிப்படியா வரும்" என்றார் மாஸ்டர்.

சுகம் வரவில்லை. கதைதான் படிப்படியாக வளர்ந்தது. முதல் மாதம் ஒரு காது கேட்காதவளாக இருந்தாள். ஆறாவது மாதம் இரண்டு காதும் போயிருந்தது. போன வருடம், "காது கேக்காம, வாய் பேசாம கெடந்தவ" என்று மாஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரி டோக்கன் கவுன்ட்டரில் உட்கார்ந்து ஒரு நாளைக்கு முந்நூறு பேரிடம் தொண்டை வறளக் கத்துகிறவளைப் பற்றித்தான் இந்தப் பேச்சு.

அந்தக் கவுன்ட்டரில் அவளுக்குப் பதினெட்டு வருடம் ஆகிறது. கண்ணாடியில் ஒரு ஓட்டை, அந்தப் பக்கம் வலியோடு நிற்கும் ஜனம், இந்தப் பக்கம் வலது காதைச் சாய்த்துக்கொண்டு அவள். பெயர், வயசு, என்ன செய்கிறது என்று கேட்டுச் சீட்டு எழுதி, எந்த அறை என்று சொல்லி அனுப்ப வேண்டும். பயந்து வருகிறவர்களுக்கு அவள் முதலில் ஒரு வார்த்தை ஆறுதல் சொல்லுவாள். அதனால் எல்லோருக்கும் அவள் கவுன்ட்டர் அக்கா. இந்த வருடம் வலது காதும் மங்கத் தொடங்கியது. வயிற்று வலிக்காரர் ஒருவரைக் கண் பிரிவுக்கு அனுப்பிவிட்டாள். பாவம், அவர் ஒன்றரை மணி நேரம் எழுத்துப் பலகைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். சூப்பிரண்டு கூப்பிட்டு, "இந்த மாசத்துக்குள்ள காதுக்கு மிஷின் வைங்க. இல்லன்னா ரெக்கார்ட் ரூம்தான்" என்றார். ரெக்கார்ட் ரூம் என்பது கீழ்த்தளத்தில், பழைய காகிதக் கட்டுகளைத் தவிர ஒரு ஈ காக்கை இல்லாத இடம். அங்கே போனால் நாள் முழுக்க யார் முகத்தையும் பார்க்க முடியாது.

காது டாக்டர் பரிசோதித்தார். "இடதுக்கு இனி ஒண்ணும் பண்ண முடியாதும்மா. வலதைக் காப்பாத்திக்குவோம்" என்று ஒரு மிஷின் கொடுத்தார். அது பெட்டியோடு பீரோவுக்குள் போனது. காரணம் மாஸ்டர்.

"இதை மாட்டிக்கிட்டு நீ வெளிய நடமாடினா என் சாட்சி என்ன ஆகுறது?"

"கவுன்ட்டர்ல மட்டும் வச்சுக்கறேங்க."

"சபையில பாதிப் பேர் உங்க ஆஸ்பத்திரிக்குத்தான் வர்றாங்க."

"அப்ப என் வேலை போனா பரவாயில்லையா?"

"விசுவாசத்தோட இரு" என்று சொல்லிவிட்டு அவர் வண்டியைத் துடைக்கப் போய்விட்டார். சுவரில் முட்டிக்கொள்ளலாம்போல இருந்தது அவளுக்கு.

சபையில் அவள் பாடு இதைவிட மோசம். சுகமான காது என்பதால் எல்லோருக்கும் அதில்தான் பேச ஆசை. இடது பக்கமாக வந்து குனிந்து என்னவோ சொல்லுவார்கள். அவள் சிரித்தபடி, "ஸ்தோத்திரம்" என்பாள். சபையில் எதற்கும் பொருந்துகிற பதில் அது, மூன்று வருடம் அதை வைத்தே ஓட்டிவிட்டாள். ஒரு ஞாயிறு, சபைக்கு வரும் தையல்காரம்மா ஒருத்தி பக்கத்தில் வந்து உட்கார்ந்து இடது காதில் ஏதோ சொன்னாள். இவள் வழக்கம்போல முகம் மலர்ந்து, "ஸ்தோத்திரம்" என்றாள். தையல்காரம்மா அவளையே ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு எழுந்து போய்விட்டாள். வாசலில் செருப்பு மாட்டும்போதுதான் வேறொருத்தி சொன்னாள்: வெள்ளிக்கிழமை அந்த அம்மாவின் அண்ணன் இறந்துபோனாராம்.

அந்த வாரம் முழுக்க அவளுக்குச் சோறு இறங்கவில்லை. மன்னிப்புக் கேட்கப் போனால் காது கேட்கவில்லை என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால், அண்ணன் செத்ததற்குச் சிரித்தவள் என்ற பெயர் நிற்கும். யாரோ எந்தக் காதையோ பொத்தினதற்கு நான் ஏன் இப்படி அவமானப்பட வேண்டும் என்று பாத்திரத்தை நங்கு நங்கென்று வைத்தாள்.

அடுத்த ஞாயிறு பீரோவைத் திறந்து மிஷினை எடுத்து மாட்டிக்கொண்டு, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு சபைக்குப் போனாள். சாட்சி வேளையில் மாஸ்டர் எழுந்தார். காது, வாய் எல்லாம் முடித்து, புதிதாக அவளுக்கு நடக்கவும் முடியாமல் இருந்தது என்கிற இடத்துக்கு வந்தபோது, அவள் எழுந்து நின்று முந்தானையைத் தள்ளினாள்.

"போதுங்க, உக்காருங்க. நான் சொல்றேன்."

மாஸ்டர் வாயைத் திறந்தபடியே உட்கார்ந்தார்.

"எனக்கு இடது காது கேக்காது. அன்னைக்கும் கேக்கல. ஐயா பேசுனது நல்ல காதுல. அத மூணு வருஷமா சபையில சொல்லாம இருந்தது என் தப்பு. தையல்காரம்மா, நீங்க அண்ணனைப் பத்திச் சொன்னது எனக்குக் கேக்கலம்மா. என்னை மன்னிச்சிடுங்க."

முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். அதோடு நிறுத்தவில்லை.

"பதினாலு வயசுல காய்ச்சல் வந்து காது போச்சு. வீட்டுல, பள்ளிக்கூடத்துல, யார் என்ன சொன்னாலும் 'என்ன, என்ன'ன்னு ரெண்டு தடவை கேப்பேன். கொஞ்ச நாள்ல எல்லாரும் எங்கிட்டப் பேசுறதையே விட்டுட்டாங்க. பாத்திரம் கழுவிக்கிட்டே இயேசப்பாவத் திட்டுவேன். நல்லாத் திட்டுவேன். தினமும் திட்டித் திட்டி அவருகூடப் பேச்சு ஒட்டிக்கிச்சு. அவருகிட்ட மட்டும் 'என்ன'ன்னு திருப்பிக் கேக்க வேண்டியிருக்கல. அந்தப் பேச்சு இன்னைக்கு வரைக்கும் நிக்கல. என் சாட்சி அதான். காது வரல. அவர் வந்தாரு."

போதகர் இருமினார். டிரம்ஸ்காரன் குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றான். தையல்காரம்மா எழுந்து வந்து அவள் வலது பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

கூட்டம் முடிந்து வீட்டு வாசலுக்கு வந்ததும் மாஸ்டர் வண்டியை நிறுத்தினார், சாவியை எடுத்தார், இறங்கவில்லை. வரட்டும், இன்றைக்கு ஒரு கை பார்த்துவிடலாம் என்று அவளும் உட்கார்ந்திருந்தாள்.

"இனிமே நான் என்னத்தச் சொல்றது?" என்றார்.

"உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்க. என் காதை விட்டுடுங்க."

அவர் சாவியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, மிஷின் இல்லாவிட்டால் அவளுக்குக் கேட்டே இருக்காது, அவ்வளவு மெதுவாகச் சொன்னார்.

"எனக்கு ஒண்ணுமே நடக்கலையேம்மா. உனக்கு நடந்ததாலதான் அவர் இருக்காருன்னு நான் நம்பிக்கிட்டிருந்தேன்."

மூன்று வருடமாகச் சேர்த்து வைத்திருந்த வசவில் ஒன்றுகூட இதற்குப் பொருந்தவில்லை. ஒரு நாள் நிம்மதியாகக் கோபப்படக்கூட விடமாட்டார் இந்த மனுஷன் என்று அவளுக்கு அழுகையும் எரிச்சலுமாக வந்தது. இறங்காமல் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.