வால்புர்காவின் ஓக் பெட்டி

வால்புர்கா அக்காவின் கட்டிலுக்கடியில் ஒரு சவப்பெட்டி இருந்தது. வியன்னா சீமாட்டிகளின் துணிமணிகளைக் கை வெந்துபோகத் துவைத்து, அவள் தனக்கென்று செய்து வாங்கிய ஓக் மரப் பெட்டி. அதில் வெங்காயம் கொட்டி வைத்திருந்தாள்.

"என்னக்கா, வெங்காயத்துக்கு அடக்கம் ஆயிடுச்சா?" என்று கேலி செய்வேன். பக்கத்து அறையில் குடியிருந்த எனக்கு அந்த உரிமை உண்டு.

"நான் போற வரைக்கும் அதுவாவது சொகமா தூங்கட்டுமேடி!"

அவளுடைய ஒரே மகள் ரேசி அம்மை கண்டு செத்தபோது பெட்டிக்கு வக்கில்லை. பொதுக்குழியில் போட்டார்கள். கல்லறைத் திருநாளில் ஊரே அவரவர் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றும். அக்கா மட்டும் போக்கிடமில்லாமல் கல்லறைத் தோட்டத்து நடுச்சிலுவையடியில் நிற்பாள்.

"எனக்குன்னு ஒரு குழி வேணும்டி. என் சிலுவையில ரேசி பேரையும் செதுக்கிடு. அவளுக்கும் ஒரு இடம் ஆச்சு."

அந்த இலையுதிர்காலத்தில் அரசாணை வந்தது. எங்கள் பேரரசர் அறிவாளிகள் சொன்னால் கேட்பவர். பெட்டியோடு புதைத்தால் மரம் வீணாம், பிணம் மக்க நாளாகுமாம். இனி எல்லோருக்கும் ஒரே ஊர்ப்பெட்டி. விசையை இழுத்தால் அடிக்கதவு திறந்து, சாக்கில் தைத்த உடல் பொதுக்குழிக்குள் விழும்; பெட்டி அடுத்த பிணத்துக்குத் திரும்பும். காப்பிக் கடையில் படித்த கனவான்கள் மெச்சிக்கொண்டார்கள். அவர்கள் வீட்டிலா இழவு?

அக்காவுக்கு அப்போதே நெஞ்சுச்சளி. "இந்தச் சட்டம் ஒழியற வரைக்கும் சாகமாட்டேன்" என்று வீம்பாகக் கஞ்சி குடித்தாள். டிசம்பரில் உயிர் போய்விட்டது.

வெங்காயத்தைக் கொட்டிவிட்டு, ஓக் பெட்டியைக் கைவண்டியில் வைத்து இழுத்துப்போனேன். கல்லறை அதிகாரி மறித்தார்.

"சட்டம் பிரபுவுக்கும் ஒண்ணுதான், துணி துவைக்கிறவளுக்கும் ஒண்ணுதாம்மா. சமத்துவம்!"

"அப்போ முதல்ல ஒரு பிரபுவைச் சாக்குல தைச்சுக் காட்டுய்யா!"

அவர் விசையை இழுத்தார். தொப்பென்று சத்தம் கேட்டது. மேலே சுண்ணாம்பைக் கொட்டினார்கள். வெறும் பெட்டியை வீட்டுக்கே இழுத்துவந்தேன்.

ஊரே கொந்தளித்ததில், அடுத்த மாதமே ஆணையைத் திரும்பப் பெற்றார்கள். பாவி மக்கள், ஒரு மாதம் முன்னால் செய்திருக்கக் கூடாதா? பெட்டியை மறுபடி இழுத்துக்கொண்டு ஓடினேன்.

"அக்காவை எடுத்துக் குடுங்கய்யா. அவ பெட்டி இருக்கு."

குழிவெட்டி மண்வெட்டியைக் கீழே வைத்தார். "எந்தச் சாக்குன்னு தேடுவேன் தாயி? எல்லாம் ஒரே மாதிரி."

இப்போது கல்லறைத் திருநாளில் நடுச்சிலுவையடியில் நான் நிற்கிறேன். ரேசிக்கு ஒன்று, அக்காவுக்கு ஒன்று ஏற்றுகிறேன்.