ஜெபத்துக்குக் காத்திருந்த களி

எங்கள் சபையில் ஜெபம் பண்ணாமல் எதுவும் தொடங்காது. புது மின்விசிறி மாட்டினால்கூட பாஸ்டர் வந்து ஜெபித்த பிறகுதான் சுவிட்சைப் போடுவார்கள். எனக்கும் அதில் ஆட்சேபணை இருந்ததில்லை, ஆந்திராப் புத்தூரில் எங்கள் காலனி சங்கத்தார் பள்ளி மைதானத்தில் ஃபன் டே நடத்திய அந்தச் சனிக்கிழமை வரைக்கும்.

சபைக்கும் ஒரு ஸ்டால் கொடுத்தார்கள். பெண்கள் சங்கச் செயலாளர் என்பதால் அது என் தலையில் விழுந்தது. கேழ்வரகுக் களியும் நாட்டுக்கோழிக் குழம்பும் போடலாம் என்றேன். காரணம், எங்கள் சபையில் ஒருத்தி இருந்தாள். தடா பக்கம் செல்போன் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்து, ஆள் குறைப்பில் வீட்டுக்கு அனுப்பப்பட்டவள். கைப்பக்குவம் அபாரம். காலனியில் ஒரு தெலுங்கு அம்மா, மகளுக்குத் தாவணி போடும் விழாவுக்குச் சமைக்க ஆள் தேடிக்கொண்டிருந்தார். "ஸ்டாலுக்கு வந்து ருசி பாருங்க, அப்புறம் சொல்லுங்க" என்று நானே போய் அழைத்திருந்தேன். அந்த ஆர்டர் கிடைத்தால் அவள் தைரியமாகச் சமையல் தொழிலில் இறங்கிவிடுவாள். கிடைக்காவிட்டால் மறுபடியும் ஏதாவது கம்பெனி வாசலில் நிற்கவேண்டியதுதான்.

பத்து மணிக்கு எல்லாம் தயார். குண்டானில் களி சூடாக இருந்தது. பாஸ்டர்தான் இல்லை. ஏர்பேட்டில் ஒரு வீட்டுப் பிரதிஷ்டைக்குப் போயிருந்தார். போன் போட்டேன். "வந்துக்கினே கீறேம்மா, பத்து நிமிஷம்" என்றார். அந்தப் பத்து நிமிஷத்துக்குள் மியூசிக்கல் சேர் முடிந்தது, எலுமிச்சை ஸ்பூன் ஓட்டம் முடிந்தது, பக்கத்து ஸ்டாலில் பானிபூரித் தண்ணீர் ஒரு அண்டா தீர்ந்தது.

எங்கள் ஸ்டாலிலும் ஏழெட்டுப் பேர் தட்டோடு நின்றார்கள். "எப்புடு பெடுதாரம்மா?" என்றார் ஒருவர். எப்போது போடுவோம் என்று எனக்குத் தெரிந்தால்தானே சொல்ல?

சபை மூப்பர் குண்டானுக்கு முன்னால் நாற்காலி போட்டுக் காவல் உட்கார்ந்திருந்தார். "போட்டுடலாமா?" என்று கேட்டேன்.

"ஐயா ஜெபம் பண்ணாம எப்பிடிம்மா தொறக்கறது? வெளி ஜனம் இன்னா நினைக்கும்?"

வெளி ஜனம் என்ன நினைத்துக்கொண்டிருந்தது என்பது அதன் முகத்திலேயே தெரிந்தது.

"போன்லயாவது ஜெபிக்கச் சொல்லலாமா?"

"போன் ஜெபம் நோயாளிக்கும்மா. ஸ்டாலுக்கு இல்ல."

இந்தச் சட்டத்தை எந்தக் கமிட்டி எப்போது போட்டது என்று கேட்க நாக்கு துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

பதினொன்றுக்கு அந்தத் தாவணி விழா அம்மா மகளோடு வந்தார். நாற்காலி போட்டேன், மோர் கொடுத்தேன், மகளின் படிப்பு, வெயில், மைதானத்துப் புழுதி என்று வாய்க்கு வந்ததையெல்லாம் பேசினேன். இருபது நிமிஷம் பொறுத்தார், பாவம். சமைத்தவள் குண்டானைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். மைக்கில் கயிறு இழுக்கும் போட்டிக்குப் பெண்களை அழைத்தார்கள். "போயொஸ்தானம்மா" என்று அந்த அம்மா எழுந்தார். போய்விட்டு வருவதாகத்தான் சொன்னார்; வரவில்லை.

பன்னிரண்டேகாலுக்கு பாஸ்டர் வியர்த்து விறுவிறுத்து வந்தார். கண்ணை மூடினோம். மைதானம், காலனி, மாவட்டம், மாநிலம் என்று எல்லாவற்றையும் ஆசீர்வதித்துவிட்டுக் கடைசியில்தான் களிக்கு வந்தார். மூடியைத் திறந்தபோது களி இறுகிப்போயிருந்தது, கரண்டி இறங்கவில்லை. வரிசையில் ஓர் ஆள் இல்லை. மூப்பர் முதல் தட்டை வாங்கித் தின்று பார்த்துவிட்டு, "கொஞ்சம் கெட்டியா கீது" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தக் கரண்டியாலேயே... சரி, விடுங்கள்.

குழாயடியில் பாத்திரம் கழுவும்போது எல்லோரையும் திட்டித் தீர்த்தேன். பாஸ்டருக்கு நேரம் தெரியவில்லை, மூப்பருக்குப் புத்தியில்லை, சபைக்கே விவஸ்தையில்லை. சமைத்தவள் நாரால் குண்டானைத் தேய்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். நான் ஓய்ந்த பிறகு நிமிர்ந்தாள்.

"வாராவாரம் எங்க வூட்டுக்கு வந்து நீதானேக்கா ஜெபம் பண்ற? எனக்கு வேல போனப்பகூட நீதான் பண்ண. இன்னிக்கு ஏன்க்கா வாயே தொறக்கல?"

மூப்பர் விட்டிருக்கமாட்டார் என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் நான் கேட்கவே இல்லையே. இரண்டே கால் மணி நேரம் வாசலையே பார்த்துக்கொண்டு நின்ற எனக்கு, அந்த ஜெபத்தை நானே பண்ணலாம் என்று ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. அதை அவளிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. "குண்டானை இப்படிக் கொடு, நான் தேய்க்கிறேன்" என்றேன்.