குழந்தைக்குப் போர்த்திய கொடி

ஒரு கொடி வாங்குவதற்காக என் சின்னம்மா கொல்லிமலையிலிருந்து இறங்கிச் சேந்தமங்கலம் வரை நடந்தாள். வெள்ளைக்காரர் ஆட்சி நடந்துகொண்டிருந்த காலம். எனக்கு ஏழோ எட்டோ வயது. கூடவே என்னையும் கூட்டிப் போனாள். மிளகு விற்கப் போவதாகத்தான் ஊரில் எல்லோரிடமும் சொல்லியிருந்தாள். என்னிடமும் அதையேதான் சொன்னாள்.

கொடியைக் கேட்டவர் சின்னப்பா. சாமை விதைப்பதற்காக ஒரு சரிவில் மரம் வெட்டினார் என்று காட்டிலாகாக்காரர்கள் அவரைப் பிடித்துக்கொண்டு போய்க் கீழே ஜெயிலில் வைத்திருந்தார்கள். அவருடைய தாத்தா காலத்திலிருந்து சாமை விளைந்த சரிவு அது. திரும்பி வந்தபோது ஒரு கால் வீங்கி, நடக்க முடியாமல் போயிருந்தார். தான் இல்லாதபோது பிறந்த மகனை அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தார். ஆனாலும் அவர் பேச்செல்லாம் ஜெயிலில் கூட இருந்த சிலரைப் பற்றியே இருந்தது. அவர்கள் திருடவில்லையாம், யாரையும் அடிக்கவில்லையாம், மரம்கூட வெட்டவில்லையாம். ஒரு துணியைக் கம்பில் கட்டித் தூக்கிக்கொண்டு தெருவில் நடந்தார்களாம், அவ்வளவுதான். அதற்கு இவரைவிட அதிகத் தண்டனை. இவருக்குக் காய்ச்சல் கண்டபோது தங்கள் பங்குக் கஞ்சியை ஊற்றிக் காப்பாற்றியவர்களும் அவர்கள்தான்.

“அப்படி என்னதான் இருக்குது அந்தத் துணியில? ஒருக்கா பாக்கோணும்” என்று சொல்லிக்கொண்டே இருப்பார்.  மிளகு காய்ந்ததும் சின்னம்மா மூட்டை கட்டினாள்.

சந்தையில் மிளகு விற்றானதும் ஒரு ஜவுளிக்கடைக்குள் நுழைந்து, மூன்று நிறத்தில் ராட்டை போட்ட கொடி இருக்கிறதா என்று சீலை கேட்பதுபோல உரக்கக் கேட்டாள். கடைக்காரர் முகம் வெளுத்துவிட்டது. அன்று காலையில்தான் கொடி பிடித்துப் போனவர்களைப் போலீசார் அடித்து இழுத்துப் போயிருந்தார்களாம். எங்களை வெளியே போகச் சொன்னவர், பின்னாலேயே வந்து, ஒரு சந்துக்குள் இருந்த தையற்காரரின் வீட்டைக் கண்ணால் காட்டிவிட்டுத் திரும்பிப் போனார்.

தூளியில் குழந்தையைத் தோளோடு கட்டியிருந்த சின்னம்மாவைத் தையற்காரர் ஏற இறங்கப் பார்த்தார்.

“ஏனுங்க, மலைக்கு மேல இது எதுக்குங்க?”

“எங்க ஊட்டுக்காரரு பாக்கோணும்னாருங்க. ஜெயிலுக்குப் போயிட்டு வந்தவருங்க.”

அதற்குமேல் அவர் எதுவும் கேட்கவில்லை. கதவைச் சாத்திவிட்டு, துண்டுத் துணிகளுக்கு அடியிலிருந்து ஒரு கொடியை உருவி விரித்தார். சின்னம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டுதான் அதைத் தொட்டாள். எனக்கு ஏமாற்றமாக இருந்தது. ஆட்களை ஜெயிலுக்கு அனுப்பும் துணி என்றால் ஓரத்தில் சரிகையாவது இருக்கும் என்று எதிர்பார்த்திருந்தேன். அதுவோ முரட்டுக் கதர்.

மேலே உள்ள காவி துணிவுக்கும் தியாகத்துக்கும், வெள்ளை உண்மைக்கு, பச்சை நம்பிக்கைக்கு என்று அவர் சொல்லிக்கொண்டு போனார். எனக்கு எதுவும் மண்டையில் ஏறவில்லை. நடுவில் இருந்த படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஊரில் யாரும் நூல் நூற்று நான் கண்டதில்லை. கைப்பிடியோடு வட்டமாக இருந்ததால், கேழ்வரகு அரைக்கும் திரிகையை யாரோ வரையத் தெரியாமல் வரைந்துவிட்டார்கள் என்று எண்ணி, அதை வாய்விட்டும் சொன்னேன். தையற்காரர் சிரித்துவிட்டார்.

“திரிகைன்னே வெச்சுக்க கண்ணு. நம்ம கஞ்சிக்கு நாமதான அரைக்கறோம்? அதுமாதிரி நம்ம துணிக்கும் நாமளே நூல் நூத்துக்கறது.”

கூடையில் வைத்தால் அகப்பட்டுக்கொள்வீர்கள் என்று அவர் எச்சரித்தார். சின்னம்மா சற்று யோசித்தாள். பிறகு குழந்தையை இறக்கி, கொடியை அவன் உடம்பைச் சுற்றிப் போர்த்தி, மறுபடியும் தூளியில் கட்டிக்கொண்டாள்.

மலைக்குத் திரும்பும் பாதை தொடங்குமிடத்தில் புளியமரத்தடியில் ஒரு போலீஸ் அதிகாரி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நரைத்த மீசைக்காரப் போலீஸ் ஒருவர் போகிறவர்களின் கூடைகளைக் கிளறிக்கொண்டிருந்தார். எங்கள் கூடையில் உப்பும் கருவாடும்தான் இருந்தன. போகலாம் என்று அவர் கையை அசைக்கும்போது குழந்தை காலை உதைத்தது. தூளி விலகியது. காவி நிறமும் பாதி ராட்டையும் வெளியே தெரிந்தன.

போலீஸ்காரரின் கை அப்படியே நின்றது. சின்னம்மா என் விரல்களை நொறுக்கிவிடுவதுபோலப் பிடித்தாள். அங்கே என்ன என்று அதிகாரி நாற்காலியிலிருந்தே அதட்டிக் கேட்டார்.

“ஒண்ணுமில்லீங்க ஐயா. பச்சக் கொழந்த” என்றார் போலீஸ்காரர். குனிந்து, விலகிய தூளித்துணியைத் தானே இழுத்து மூடி, ஓரத்தைச் செருகிவிட்டார். “காத்துப் படப்போவுது. நல்லாப் போத்திக்கிட்டுப் போம்மா.”

முதல் வளைவைத் தாண்டியதும் சின்னம்மா கூடையை இறக்கினாள். பிறகு பாதையோரப் பாறையில் உட்கார்ந்தாள்.  ஏற்றம் ஏறிய களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டில் சின்னப்பா கொடியை மடியில் விரித்து விரலால் தடவிக்கொண்டிருந்தார். நிறங்களின் அர்த்தத்தைச் சொல்லச் சொன்னார். நான் காவியையும் பச்சையையும் மாற்றிச் சொல்லிவிட்டு, எனக்குப் பிடித்த கதைக்குத் தாவினேன். கீழ்நாட்டுப் போலீஸ்காரர் ஒருவர், நல்லவர்தான், ஆனால் சுத்த அசடு. ஒரு இலைகூட அசையாத வெயிலில், வியர்த்துக்கொண்டிருந்த பிள்ளைக்குக் காத்துப் படும் என்கிறார்!

சின்னப்பா நிமிர்ந்து சின்னம்மாவைப் பார்த்தார். அவள் ஆமாம் என்று தலையசைத்தாள்.

“அவரே மூடினாரா சாமி? அந்தக் கையாலயா?” என்று என்னிடம் கேட்டார். ஆமாம் என்றேன். இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னேன். மறுபடியும் சொல்லச் சொன்னார்.

அந்த மனிதர் மூடியது குழந்தையை அல்ல என்பது எனக்குப் புரியப் பல வருடங்கள் ஆயின. அன்று நான் கண்டதெல்லாம் சின்னப்பாவின் தோள்கள் குலுங்கியதையும் கண்ணில் நீர் வழிந்ததையும்தான். சிரிப்பு தாங்காமல்தான் அப்படி என்று நம்பி, இல்லாத மீசையை முறுக்கிக்கொண்டு, நான் திரும்பவும் நடித்துக் காட்டினேன்.