வெள்ளிக்கிழமை பாய்

மொய்னுதீன் பாயை எனக்குத் தெரியும் என்று சொல்லும்போதே ஒரு கூச்சம் வருகிறது. அவர் வீட்டுக்கு நான் போனதில்லை. முதலியார்பேட்டையில் நான் வேலை பார்க்கும் ஆடிட்டர் அலுவலகத்துக்கு ஒவ்வோர் ஆண்டும் ஜூலையில் வருவார், வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்ய. அப்படித்தான் பழக்கம். எங்கள் கணினியில் அவர் ஒரு "ஒப்பந்ததாரர்". அந்தச் சொல்லுக்குள் எவ்வளவு பெரிய விஷயம் இருக்கிறது என்று அவருடைய வழக்கு வந்தபோதுதான் யோசித்தேன். என் அப்பா காலமெல்லாம் லாரியில் மூட்டை ஏற்றியவர். அவர் யாருடைய தொழிலாளி என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்டதில்லை. வணிகவியல் பட்டம் வாங்கிய நானும் கேட்டதில்லை.

பாய் குளிர்சாதன மெக்கானிக். உழவர்கரையில் ஒரு மருந்து மொத்த விற்பனை நிறுவனத்தின் கிடங்கில் இன்சுலினும் தடுப்பூசியும் வைக்கும் குளிர் அறை அவர் பொறுப்பு. காலை எட்டு மணிக்குப் போனால் மாலை ஷிப்ட் ஆள் வரும்வரை அந்த இடத்தை விட்டு நகர முடியாது. நிறுவனம் கொடுத்த சட்டை, நிறுவனத்தின் கருவிகள், நிறுவனம் சொல்லும் நேரம். ஆனால் காகிதத்தில் அவர் தனியாகத் தொழில் செய்பவர். மாதாமாதம் பில் கொடுப்பார். அதில் ஒரு சதவீதம் வரி பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுப்பார்கள். பி.எஃப். இல்லை, ஈ.எஸ்.ஐ. இல்லை.

அவருக்கு அதில் பெரிய வருத்தமும் இருந்ததில்லை. வெள்ளிக்கிழமை ஒன்றுதான் பிரச்சினையாக இருந்தது. ஜும்ஆ தொழுகைக்குப் போக வேண்டும், குளிர் அறையையும் விட்டுவிட்டுப் போக முடியாது. அதற்கு வழி கண்டவர் கலியபெருமாள். பாகூர் பக்கத்துக் கிராமத்துக்காரர், இவரைப் போலவே மெக்கானிக், பைக்கில் கருவிப் பையோடு வீடு வீடாகப் போய் ஏ.சி. பழுது பார்ப்பவர். வெள்ளிக்கிழமை நண்பகலில் கலியபெருமாள் வந்து குளிர் அறையில் உட்கார்ந்துகொள்வார். பாகூரில் நடவு, அறுவடை என்று அவர் நிலத்தில் நிற்க வேண்டிய நாட்களில், பாய் தன் வார விடுமுறையிலும் மாலை நேரங்களிலும் அவருடைய வாடிக்கையாளர் வீடுகளுக்குப் போவார். இருவருக்கும் இடையே பணம் கைமாறியதே இல்லை.

வாசலில் வாராவாரம் புது ஆளைப் பற்றி விளக்கம் சொல்லி முடியாது என்று, பாய் தன் பெயர் தைத்த மாற்றுச் சட்டையை அவரிடம் கொடுத்துவிட்டார். வாசல் பதிவில் வெள்ளிக்கிழமையிலும் மொய்னுதீன் உள்ளேதான் இருந்தார்.

"நெத்தியில பட்டை போட்டுக்கிட்டு ஒரு பாய் வர்றாரு பாரு" என்று வாட்ச்மேன் கேலி செய்வாராம். நாளடைவில் கிடங்கில் கலியபெருமாளுக்கே "வெள்ளிக்கிழமை பாய்" என்று பெயர் வந்துவிட்டது.

போன ஆண்டு பாயின் மனைவி ரோஷன் பீவிக்குச் சிறுநீரகம் பழுதானது. வாரம் இருமுறை டயாலிசிஸ். முதலில் ஸ்கூட்டரை விற்றார்கள், பிறகு நகையை. அப்போதுதான் யாரோ சொல்லியிருக்கிறார்கள், தொழிலாளர் காப்பீடான ஈ.எஸ்.ஐ. இருந்தால் அந்தச் சிகிச்சை அதிலேயே நடந்துவிடும் என்று. பாய் எங்கள் ஆடிட்டர் சிவசங்கரி அம்மாவிடம் வந்தார்.

"நான் அவங்க ஆளுதானேம்மா? எட்டு மணிக்கு வான்னா வர்றேன். போன்னாதான் போறேன். எனக்கு ஏன் அட்டை இல்ல?"

அம்மா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "ஈ.எஸ்.ஐ. ஆபீஸ்ல மனு கொடுக்கலாம் பாய். ஆனா ரெண்டு சிக்கல் இருக்கு. இத்தனை வருஷமா உங்க வருமானத்தைத் தொழில் வருமானம்னு காட்டியிருக்கோம். நீங்க தொழிலாளின்னு ஆயிட்டா அது தப்புன்னு ஆகும். வரி பெருசா வராது, கேள்வி வரும், பதில் எழுதணும். அதை நான் பாத்துக்குவேன். ரெண்டாவதுதான் பெருசு. உங்க ஒப்பந்தத்துல, உங்களுக்குப் பதிலா வேற ஆளை அனுப்பலாம்னு ஒரு வரி இருக்கு. தொழிலாளின்னா அவனேதான் வேலை செய்யணும். ஒப்பந்ததாரர்னா வேலை முடிஞ்சா போதும், யார் செஞ்சா என்ன. நீங்க ஆள் அனுப்பியிருக்கீங்களா?"

பாய் என்னைப் பார்த்தார். நான் திரையைப் பார்த்தேன்.

"வெள்ளிக்கிழமை மட்டும்" என்றார்.

மனு போனது. நிறுவனத்தின் வக்கீல் எழுதிய பதிலில் அம்மா சொன்ன இரண்டும் இருந்தன: இவரே தன்னைத் தொழில் செய்பவர் என்று வரித்துறைக்குச் சொல்லியிருக்கிறார், வாரந்தோறும் மாற்று ஆளை அனுப்பியிருக்கிறார்.

விசாரணைக்கு முதல் நாள் பாயும் கலியபெருமாளும் அலுவலகத்துக்கு வந்தார்கள். கலியபெருமாள் உட்காரவே இல்லை.

"நான் வரவே இல்லன்னு சொல்லிடுறேன், அவ்ளோதான். வாசல்ல என்ன பேரு இருக்கு? மொய்னுதீன். கேமராவுல பழசெல்லாம் அழிஞ்சிருக்கும். அந்த மேனேஜர் சொல்றது ஒரு வாய்ச்சொல்லு, நாம சொல்றது ஒரு வாய்ச்சொல்லு."

"பொய் சொல்லச் சொல்றியா பெருமாளு?"

"பொய்யா? உன் சட்டைதான வந்துச்சு. சட்டைக்குள்ள யாருன்னு சட்டையா சொல்லப்போவுது?"

சிவசங்கரி அம்மா வெளியே போயிருந்தார். இருவரும் என்னைப் பார்த்தார்கள். அது தப்பு என்று நான் சொல்லவில்லை. ரோஷன் பீவியின் மருத்துவச் சீட்டுகளை நான்தான் கோப்பில் வரிசைப்படுத்தியிருந்தேன். இந்தப் பொய் நிற்கும் என்று எனக்கும் தோன்றியது. நிற்க வேண்டும் என்று ஆசையாகவும் இருந்தது.

மறுநாள் கோப்புகளைத் தூக்கிக்கொண்டு அம்மாவுடன் நானும் போனேன். விசாரணை அதிகாரி குரலை உயர்த்தாமல் பேசும் பெண்மணி. நிறுவனத்தின் தரப்பில் வக்கீலும் மேலாளர் புருஷோத்தமனும் வந்திருந்தார்கள். கலியபெருமாள் வெளியே வராந்தாவில் நின்றார். அவரை இன்னும் கூப்பிடவில்லை.

அதிகாரி வாசல் பதிவின் நகலைப் புரட்டினார். "எல்லா வெள்ளிக்கிழமையும் மொய்னுதீன்னுதானே இருக்கு. வேற ஆள் வந்ததுக்கு என்ன ஆதாரம்?"

வக்கீல் மேலாளரைப் பார்த்தார். மேலாளர், "எங்க எல்லாருக்கும் தெரியும் மேடம்" என்றார்.

"தெரியும்கிறதை எழுத முடியாது" என்று சொல்லிவிட்டு அதிகாரி பாயின் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க. வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒரு மணிக்கு எங்க இருப்பீங்க?"

கலியபெருமாளோ நானோ அந்தக் கேள்வியை இப்படி எதிர்பார்க்கவில்லை. ஆள் அனுப்பினீர்களா என்று கேட்டிருந்தால் பாய் ஒருவேளை இல்லை என்றுகூடச் சொல்லியிருப்பார். இப்போது குளிர் அறையில் இருந்தேன் என்றால், இத்தனை ஆண்டும் ஜும்ஆவை விட்டவன் என்று தன் வாயாலேயே சொல்ல வேண்டும்.

பாய் தலையைக் குனிந்துகொண்டார். அவர் கை, தொப்பி வைத்திருந்த சட்டைப் பையைத் தொட்டது.

"பள்ளிவாசல்ல இருப்பேன்மா."

"குளிர் அறையில?"

"கலியபெருமாள் இருப்பாரு. வெளிய நிக்கிறாரு, கூப்பிட்டுக் கேளுங்க."

வக்கீல் நாற்காலியில் சாய்ந்தார். என் பக்கத்தில் சிவசங்கரி அம்மா கண்ணை மூடித் திறந்தார்.

"அவருக்கு என்ன கொடுப்பீங்க?"

"ஒண்ணும் கொடுக்கிறதில்ல. அவரு அறுப்புக்குப் போனா அவரு வேலைய நான் பாப்பேன்."

அதிகாரியின் பேனா சற்று நின்றது. "வேற யாரையாவது அனுப்பியிருக்கீங்களா?"

"ஒரு தடவ பெருமாளுக்குக் காய்ச்சல். மச்சான் மகன் அஸாருதீன அனுப்பினேன். அவனும் ஏ.சி. படிச்சவன்தான். வாசல்லயே திருப்பிட்டாங்க."

இதற்கு விளக்கம் சொல்லும்படி யாரும் கேட்கவில்லை. ஆனால் மேலாளரால் சும்மா இருக்க முடியவில்லை. "மருந்து இருக்கிற இடம் மேடம். கண்டவனை உள்ள விட முடியுமா? கலியபெருமாள்னா வேலைய நேர்ல பாத்து நான்தான் சரின்னேன். அவர் வரலன்னா நீங்களே இருங்கன்னு பாய்கிட்ட கண்டிப்பா சொல்லிட்டேன்."

வக்கீல் அவர் முழங்கையைத் தொட்டார். அதற்குள் அதிகாரி எழுத ஆரம்பித்திருந்தார்.

திரும்பும் வழியில் ஆட்டோவில் அம்மா சொன்னார், யாரை வேண்டுமானாலும் அனுப்பலாம் என்பதுதான் ஒப்பந்ததாரரின் உரிமை. முதலாளி பார்த்துச் சரி என்று சொன்ன ஒருவரை மட்டும் அனுப்பலாம் என்றால் அது உரிமை இல்லை, அனுமதி. நான் கேட்டுக்கொண்டேன். உண்மை சொன்னதால்தான் அது வெளியே வந்தது என்று நினைத்து நிம்மதிப்பட முயன்றேன். ஆனால் பாய் அந்தக் கணக்குப் போட்டுச் சொல்லவில்லை. மனைவியின் சிகிச்சை போய்விட்டது என்று நினைத்துத்தான் சொன்னார். நான் நினைத்ததும் அதுதான்.

சில மாதங்களில் உத்தரவு வந்தது. அவர் தொழிலாளிதான். அட்டை கிடைத்தது. ரோஷன் பீவிக்குச் செவ்வாயும் சனியும் டயாலிசிஸ், இப்போது கைக்காசு இல்லாமல். வரித்துறையிலிருந்து அம்மா சொன்ன அந்தக் கேள்வியும் வந்தது. பதில் தயாரித்தோம்.

அதில் கையெழுத்து வாங்கக் கிடங்குக்குப் போனபோது வெள்ளிக்கிழமை நண்பகல். பாய் குளிர் அறைக்கு வெளியே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். தூரத்தில் தொழுகைக்கு அழைக்கும் பாங்கு கேட்டது.

"போகலையா பாய்?"

"ஸ்டாஃப் ஆயிட்டேன்ல. எனக்குப் பதிலா யாரும் வரக்கூடாதாம்." கோபமில்லாமல்தான் சொன்னார். "மேனேஜர் மேல கேட்டிருக்காரு, இன்னொரு ஆளு போடச் சொல்லி. பாப்போம். தொடர்ந்து மூணு ஜும்ஆ விடக்கூடாதும்மா. அதனால மூணாவது வாரம் லீவு எழுதிக் கொடுத்துடுவேன்."

"கலியபெருமாள் அண்ணன்?"

"இந்த அறுப்புக்கு அவன் வேலைய நான் பாக்க முடியல. சனி, ஞாயிறுல வேற வேலைக்குப் போகக் கூடாதுன்னு இவங்க எழுதி வாங்கிட்டாங்க. ரெண்டு வாடிக்கை வீடு கைவிட்டுப் போயிடுச்சு அவனுக்கு. கேட்டா, பாய்க்குப் பதவி உயர்வுன்னு சிரிக்கிறான்."

கையெழுத்துப் போட்டுக் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தார். கேட்கலாமா வேண்டாமா என்று தயங்கிக் கேட்டுவிட்டேன்.

"மனு கொடுக்காமலே இருந்திருக்கலாம்னு தோணுதா பாய்?"

அவர் குளிர் அறைக் கதவின் மேல் ஓடும் வெப்ப அளவைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "வெள்ளிக்கிழமை தோணும். செவ்வாய்க்கிழமை அவள ஆஸ்பத்திரியில விட்டுட்டு வர்றப்ப தோணாது."