இடப்பக்கத்துச் சிவப்பு விளக்கு

என் கணவருக்குச் சிவப்பு நிறம் தெரியாது. கலியாணமான புதிதில், முற்றத்துச் செடியில் பழுத்த மிளகாயாகப் பார்த்துப் பிடுங்கி வரச் சொன்னேன். காயும் பழமுமாக ஒரு பிடி கொண்டுவந்து தந்தார். விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"ஆருக்கும் சொல்லாத" என்றார். நானும் சொல்லவில்லை.

அவர் நீர்ப்பாசனப் பகுதியில் இன்ஸ்பெக்டராக இருந்தார். எங்கள் வீடு புளியந்தீவில். அவருடைய வேலை வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், கொக்கட்டிச்சோலையைச் சுற்றியிருந்த வயல் வட்டைகளின் வாய்க்கால்களிலும் குளக்கட்டுகளிலும். காத்தான்குடி, ஆரையம்பதி வழியாக மண்முனைத் துறைக்குப் போய், காரைப் பாதையில் ஏற்றி வாவியைக் கடக்க வேண்டும். வள்ளங்களைச் சேர்த்துக் கட்டி மேலே பலகை அடித்த மிதவையைத்தான் பாதை என்போம்.

கார் ஒரு தென்னந்தோட்டத் துரையிடம் வாங்கியது. துரை ஊருக்குத் திரும்பும் அவசரத்தில் மலிவாகக் கொடுத்தார். வாங்கிச் சில மாதங்களில் ஒயில் பம்பின் மூடி கசியத் தொடங்கியது. புது மூடி கேட்டுக் கொழும்புக்கு எழுதினோம். அந்தக் காரை விற்ற கடையே இல்லை என்று பதில் வந்தது. அதைச் செய்த கம்பெனியும் தன் நாட்டில் முறிந்து மூடப்பட்டுவிட்டதாம். இனி ஒரு ஆணி தேவையென்றாலும் நாங்களே செய்துகொள்ள வேண்டியதுதான்.

மற்றக் கார்களில் ஒயில் எவ்வளவு ஓடுகிறது என்று காட்ட ஒரு முள் இருக்கும். எங்கள் காரில் முள் இல்லை. ஸ்டியரிங்குக்குப் பின்னால் இரண்டு சின்னச் சிவப்பு விளக்குகள் மட்டும். வலப்பக்கத்து விளக்கு பற்றரிக்கு. அது எரிந்தால் வீடு வரை ஓடலாம். இடப்பக்கத்து விளக்கு ஒயிலுக்கு. அது எரிந்தால் உடனே நிறுத்தி, எஞ்சின் ஆறியபின் ஒயில் விட்டுத்தான் எடுக்க வேண்டும். பகல் வெளிச்சத்தில் அந்த விளக்கு எரிவதும் எரியாததும் அவருக்கு ஒன்றாகவே இருந்தது.

அதனால் அவர் போகும் இடமெல்லாம் நானும் போக வேண்டியிருந்தது. நான் பக்கத்தில் இருந்து, "விளக்கு" என்பேன். "ஓம்" என்று ஓரங்கட்டுவார். பின்சீற்றில் ஒயில் தகரம் இருக்கும். அவர் விடுவார், நான் புனலைப் பிடிப்பேன். இன்ஸ்பெக்டர் பெண்சாதியை விட்டுப் பிரியமாட்டார் என்று கச்சேரியில் கூட வேலை பார்த்த உத்தியோகத்தர்கள் பகிடி பண்ணினார்களாம்.

ஒருமுறை நான், "அந்தச் சிவப்புக் கண்ணாடியக் கழட்டி வெள்ளைக் கண்ணாடி போடச் சொல்லலாமே" என்றேன்.

"மாத்திப் போடுறவன் ஏன் எண்டு கேப்பான்" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

எங்களுக்கு ஒரு மகள் இருந்தாள். நாலு வயது. நாங்கள் போகும் நாட்களில் அடுத்த தெருவிலிருந்த என் அக்கா வந்து அவளைப் பார்த்துக்கொள்வாள். ஒரு நாள் காலையில் பிள்ளைக்கு உடம்பு சுட்டது. பெரிய சூடில்லை. மழைக்காலம், ஒரு குளக்கட்டில் உடைப்பு, அவர் போகாமல் இருக்க முடியாது. நான் இல்லாமல் அவரால் போக முடியாது. அக்கா, "நான் பாக்கிறன், போயிட்டு வாங்க" என்றாள். பொழுதுபட்டுத் திரும்பி வந்தபோது பிள்ளைக்கு நினைவில்லை. ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மறுநாளுக்கு மறுநாள் போய்விட்டாள். சேமக்காலையில் அடக்கம் செய்தோம். போதகர் ஜெபம் செய்தபோது நான் என் கணவருடைய சப்பாத்தில் ஒட்டியிருந்த சேற்றையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

எனக்கு அழுகை வரவில்லை. வந்தவர்களெல்லாம் அழு, அழு என்று முதுகைத் தடவினார்கள். வயிற்றிலிருந்து நெஞ்சுவரை மரக்கட்டை வைத்ததுபோல் இருந்தது. அவ்வளவுதான். அவரும் அழவில்லை. சில கிழமைகளில் வேலைக்குக் கூப்பிட்டார்கள். அவர் காரை வெளியே எடுத்தார், நான் ஏறி உட்கார்ந்தேன். பழையபடி போய்வந்தோம். ஒரு நாளில் எங்களுக்குள் நடந்த பேச்சு அந்த இரண்டு சொற்கள்தான்.

"விளக்கு."

"ஓம்."

வீட்டில் அதுவும் இல்லை. சோறு போட்டு வைப்பேன், சாப்பிடுவார். சோற்றில் உப்பில்லாத நாட்களிலும் இருவரும் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டு எழும்பியிருக்கிறோம்.

வெள்ளாமை வெட்டி முடிந்த காலம். மண்முனையில் வாவியைக் கடந்து இறங்கி, கொக்கட்டிச்சோலைப் பக்கம் போய்க்கொண்டிருந்தோம். இருபுறமும் வெட்டிய வயலின் ஒட்டுத்தாள். இடப்பக்கத்து விளக்கு எரிந்தது.

"விளக்கு" என்றேன்.

அவர் ஓம் என்று சொல்லவில்லை. கார் ஓடிக்கொண்டிருந்தது. கேட்கவில்லையாக்கும் என்று மீண்டும் சொன்னேன். அவர் முகத்தைத் திருப்பவில்லை. எஞ்சினுக்குள் யாரோ சுத்தியலால் தட்டுவதுபோல் சத்தம் தொடங்கியது. சத்தம் கூடிக்கொண்டே போனது. பிறகு கார் ஒரு உலுப்பு உலுப்பி நின்றுவிட்டது. முன்னால் புகை எழும்பியது.

அவர் இறங்கவில்லை. நானும் இறங்கவில்லை. கொக்குகள் வயலில் நடந்துகொண்டிருந்தன.

கொஞ்ச நேரம் கழித்து, "நான் சொன்னது கேக்கல்லையா?" என்றேன்.

"கேட்டது."

"மறுகா ஏன் நிப்பாட்டல்ல?"

"இந்தக் கார் முடிஞ்சா நீ வீட்டில இருக்கலாம் எண்டு நினைச்சன்."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். பாவம் என்றாவது தோன்றியிருக்க வேண்டும். இரண்டும் வரவில்லை. "இனி வீட்டில இருந்து என்ன?" என்றேன். அதைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. உண்மையாகவே வீட்டில் இருந்து என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. அவர் இரண்டு கைகளையும் ஸ்டியரிங்கில் வைத்தபடியே இருந்தார்.

வட்டையில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் ஒரு சோடி எருமையைக் கொண்டுவந்து, கயிற்றைக் கட்டித் துறைவரை இழுத்துத் தந்தார்கள். பாதைக்காரர்கள் தள்ளி ஏற்றினார்கள். அக்கரையில் ஒரு மாட்டுவண்டி பிடித்துக் காத்தான்குடிக்கு இழுத்துப்போனோம். லொறி திருத்தும் மெக்கானிக் ஒருவர் அங்கே இருந்தார். எங்கள் காரின் கசிவுக்கு அவர்தான் அடிக்கடி தோல் வெட்டி வைத்துத் தருபவர்.

அவர் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழும்பி, கையைத் துடைத்தார்.

"பெயாரிங் எல்லாம் உருகிப் போயிரிக்கி ஐயா. இந்தக் கம்பெனிச் சாமான் இனி எங்கயும் கிடைக்கா. ஈயத்த உருக்கி ஊத்தி, சுரண்டிச் சுரண்டித்தான் சரிப்படுத்தணும். நாளெடுக்கும். ஓடும், ஆனா முந்தின மாதிரி ஓடாது."

"செய்யுங்க" என்றார் என் கணவர்.

"ஒயில் விளக்கு எரியல்லையா?"

"எரிஞ்சது."

மெக்கானிக் என்னைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார். என் கணவர் வாசல்வரை நடந்தார். திரும்பி வந்தார்.

"எனக்குச் சிவப்புத் தெரியாது" என்றார். "பிறந்ததிலிருந்தே தெரியாது. இவதான் பாத்துச் சொல்லுறவ."

கராஜில் இரண்டு பேர் வேலை செய்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்கும் கேட்டிருக்கும். யாரும் தலை நிமிரவில்லை. மெக்கானிக் ஒரு மூலையில் கிடந்த பழைய சாமான்களைக் கிளறி, உள்ளங்கை அளவில் வட்டமான ஒன்றை எடுத்து வந்தார். ஏதோ லொறியில் கழற்றிய ஒயில் முள்.

"இதப் பூட்டினா முள்ளப் பாத்து ஓடலாம். விளக்குத் தேவையில்ல" என்றார். "இதச் சொல்லியிருந்தா அண்டைக்கே பூட்டித் தந்திருப்பன் ஐயா."

அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். எங்கள் பிள்ளை இறந்தது அவருக்குத் தெரியும். நான் ஏன் வீட்டில் இல்லாமல் போனேன் என்பது தெரியாது. என் கணவர் அந்த முள்ளைக் கையில் வாங்கி, கண்ணாடியை விரலால் துடைத்துப் பார்த்தார். பிறகு அதை மெதுவாக மெக்கானிக்கின் மேசையில் வைத்து, "பூட்டுங்க" என்றார். வீடு வரும் வழியில் மாட்டுவண்டியில் நாங்கள் பின்புறமாகக் கால் தொங்கவிட்டு இருந்தோம். நான் அவருடைய கையைப் பிடித்திருக்கலாம். தோன்றவில்லை.

கார் திரும்பி வந்தது. முள் டாஷ்போர்டுக்குக் கீழே ஒரு தகட்டில் துருத்திக்கொண்டிருந்தது, கறுப்பு எழுத்து, வெள்ளைத் தட்டு. அவருக்கு நன்றாகத் தெரிந்தது. முதல் நாள் அவர் தனியே போனார். கேற்றைத் திறந்துவிட்டு, மூடினேன். அடுப்பு மூட்டினேன். பிள்ளையின் சட்டைகளை அக்கா முன்னமே எடுத்துப்போயிருந்தாள். அறையைக் கூட்டினேன், பிறகு இன்னொரு தடவை கூட்டினேன். அக்கா எட்டிப் பார்த்து, "இப்பதான் உனக்கு ஒரு ஆறுதல்" என்றாள். அவள் போனபின் கதிரையில் இருந்து, அவர் வரும்வரை எழும்பவில்லை.

அடுத்த முறை அவர் காரை எடுத்தபோது நான் சேலை மாற்றிக்கொண்டு வந்து ஏறினேன். அவர் என்னைப் பார்த்தார்.

"முள்ளு நல்லாத் தெரியுது" என்றார்.

"தெரியும்."

அவர் காரை எடுத்தார்.

இரண்டாவது உலக யுத்தம் தொடங்கி, பெற்றோல் கூப்பனுக்குப் போய், கடைசியில் காரை ஒரு நெல் வியாபாரிக்குக் கொடுக்கும்வரை இப்படியே போய்வந்தோம். வேகமாக ஓட்டினால் எஞ்சின் முனகும் என்பதால் எங்களை முந்திக்கொண்டு சைக்கிள்கள் போகும்.

அந்தக் காலத்தில் ஒரு பயணம் மட்டும் தனியாக நினைவிருக்கிறது. மண்முனையில் பாதை நகர்ந்துகொண்டிருந்தது. நாங்கள் காருக்குள்ளேயே இருந்தோம். காற்றில்லை, தண்ணீர் தட்டையாகக் கிடந்தது. அவர் முன் கண்ணாடி வழியே அக்கரையைப் பார்த்தபடி சொன்னார்:

"ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளையக் கூட்டிவந்தமே. பாதை நகரக்குள்ள கண்ணப் பொத்தினாள்."

"ஓம்" என்றேன். "கரை வரும்வரைக்கும் பொத்திக்கிட்டுத்தான் இருந்தாள்."

பாதை கரையில் தட்டியது. தடுப்புக் கட்டையை எடுத்தார்கள். அவர் எஞ்சினை ஸ்டார்ட் செய்து, முள் ஏறும்வரை பார்த்துவிட்டுக் காரை இறக்கினார்.