பார்த்துவிட்டு எழுது

இதைக் கட்டுக்கதை என்று சொல்பவர்கள், எங்கள் மனநல வார்டின் நான்காம் அறையில் கால் மணி நேரம் நின்றுவிட்டு வந்து சொல்லட்டும். பேய் ராத்திரியில்தான் வரும் என்பதும் சும்மா. எனக்கு நடந்தது ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகல். மணி 2.05.

நான் அங்கே நர்ஸ். முன்பு ஒரு ஷிப்டுக்கு இரண்டு பேர் இருந்தோம். நிதி இல்லை என்று ஆளைக் குறைத்தார்கள். என்னோடு இருந்த அக்காவின் வேலை போயிற்று. கால் மணிக்கு ஒருமுறை அறை அறையாகப் போய்ப் பார்ப்பதில் அவர் ஒரு நிமிடம் தவறமாட்டார். நோயாளிகள் அவருக்கு வைத்த பெயர் 'கடிகாரம்'. கதவுக் கண்ணாடியைப் பேனாவால் இரண்டு தட்டு தட்டிவிட்டுத்தான் எட்டிப் பார்ப்பார். "பார்த்துட்டு எழுதுடி. எழுதிட்டுப் பார்க்காத" என்று என்னைத் திட்டிக்கொண்டே இருப்பார்.

அவர் போனதும் எல்லாம் என் தலையில் விழுந்தது. வார்டு, மருந்து, போதாக்குறைக்கு வெளிநோயாளிப் பிரிவில் இடம் கிடைக்கக் காத்திருப்பவர்களுக்கு வாராவாரம் போன் செய்து நலம் விசாரிக்கும் வேலையும். எனக்கென்ன பத்துக் கையா?

அன்று இரண்டாம் அறையில் வாத்தியார் இருந்தார். போன வாரம் உயிரை விடப் பார்த்தவர். அவரைக் கால் மணிக்கு ஒருமுறை கட்டாயம் பார்க்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? நான்கு மணி வரைக்கும் 'தூங்குகிறார்' என்று தாளில் முன்கூட்டியே எழுதி, கையெழுத்தும் போட்டுவிட்டேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

பிறகு போர்வை எடுக்க நான்காம் அறைக்குப் போனேன். முரண்டு பிடிக்கும் நோயாளிகளைத் தனியே வைக்கும் அறை அது; கதவைச் சாத்தினால் தானே பூட்டிக்கொள்ளும். உள்ளே கைப்பிடி கிடையாது. ஒருவர் உள்ளே போனால் இன்னொருவர் கதவைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பது விதி. பிடிக்க ஆள் ஏது? என் செருப்பு ஒன்றைக் கழற்றி முட்டுக் கொடுத்தேன்.

டப்.

திரும்பினேன். கதவு மூடியிருந்தது.

தட்டினேன். கத்தினேன். போன் மேசையில். மாத்திரை போட்ட நோயாளிகள் தூக்கத்தில். அடுத்த டியூட்டி நான்கு மணிக்கு. அதற்குள் யாராவது வந்தாலும் தாளைப் பார்ப்பார்கள், எல்லாம் சரி என்று போய்விடுவார்கள். வாத்தியாருக்கு ஏதாவது ஆனால்...

2.15. தாழ்வாரத்தில் செருப்புச் சத்தம். சரக்... சரக்...

இரண்டாம் அறைப் பக்கம் நின்றது. பிறகு என் கதவருகே வந்தது.

டக். டக். கண்ணாடியில்.

"யாரு? கதவைத் திறங்க!"

கண்ணாடி இருண்டது. யாரோ நெற்றியை ஒட்டிவைத்துப் பார்ப்பதுபோல. முகம் தெரியவில்லை. கண்ணாடியில் மூச்சுக்காற்றின் ஆவியும் படியவில்லை.

சரக்... சரக்... போய்விட்டது.

2.30. டக். டக்.

2.45. டக். டக்.

நான் தட்டுவதை நிறுத்திவிட்டேன். மூலையில் ஒடுங்கினேன்.

3.00...

திறக்காது. ஆனால் வரும்...

3.58க்கு மாலை டியூட்டி சிஸ்டர் கதவைத் திறந்தாள்.

"நீ எப்படிடி உள்ள?"

வெளியே என் செருப்பு சுவரோரம் ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தது. இரண்டாம் அறைக்கு ஓடினேன். வாத்தியார் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். உயிரோடு.

"கடிகாரம் சிஸ்டர் திரும்ப வேலைக்கு வந்துட்டாங்களா? அவங்க கேட்டாங்க, குடுத்துட்டேன்" என்றார்.

வெளியே என் மேசையில் ஒரு கண்ணாடித் துண்டு கிடந்தது. பக்கத்தில் தாள். நான் எழுதிய 'தூங்குகிறார்' அத்தனையும் அடிக்கப்பட்டிருந்தது. மேலே அக்காவின் குண்டு குண்டு எழுத்து.

2.15 – அழுகிறார்.

2.30 – கையில் இருந்ததை வாங்கி வைத்தேன்.

2.45 – பேசுகிறார்.

ஒவ்வொன்றின் ஓரத்திலும் ஒரே வரி: 'அறை 4 – நர்ஸ். பயந்திருக்கிறார்.'

அக்கா வீட்டுக்குப் போன் செய்தேன். மகள் எடுத்தாள்.

"அம்மா தவறி இன்னியோட ஒன்பது நாளாச்சு. வேலை போனதுல இருந்தே மனசு சரியில்ல. உங்க ஆஸ்பத்திரியிலதான் பேர் குடுத்துட்டுக் காத்திருந்தாங்க."

காத்திருப்போர் பட்டியலை எடுத்தேன். போன வாரம் நான் யாருக்கும் போன் செய்யவில்லை. பெயரைக்கூடப் படிக்காமல் வரிசையாக எழுதித் தள்ளியிருந்தேன். நூற்றுப் பன்னிரண்டாவது பெயர் அக்காவுடையது. எதிரே, ஆறு நாளுக்கு முந்தைய தேதி.

'பேசினேன். நலமாக இருக்கிறார்.'

கீழே என் கையெழுத்து.