இடப்பக்கம் கைப்பிடி வைத்த கதிரை

மன்னார் ரவுணில் இருக்கும் எங்கள் தளபாடக் கடைக்கு ரிக்லைனர் வாங்க வருகிறவர்கள் முதலில் கேட்பது நிறத்தைத்தான். திரைச்சீலைக்குப் பொருந்துமா, நிலத்து மாபிளுக்கு எடுக்குமா, படம் எடுத்தால் வடிவாக இருக்குமா என்று துருவுவார்கள். அந்தச் சாய்கதிரையில் இருக்கப்போகிறவரைப் பற்றி ஒருவரும் மூச்சு விடமாட்டார்கள். எனக்கு அதில் கோபம் வரும். என் கோபத்தைப் பார்த்து முதலாளிக்குக் கோபம் வரும். இப்படியே இந்த ஷோரூமில் எனக்குத் தலை நரைத்துவிட்டது.

கடைக்குப் புதிதாக வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்லிக் கொடுப்பது கொஞ்சம்தான். வீடு கடலுக்குக் கிட்டவா என்று கேளுங்கள். கரையோர வீடென்றால் மலிவு றெக்சினைக் காட்டாதீர்கள், உப்புக்காற்றில் அது தோலுரிந்துவிடும். சுவரோடு ஒட்டி வைக்க விடாதீர்கள், சாயும்போது முட்டும். எல்லாவற்றிலும் முக்கியம், ஆளை இருத்திப் பார்க்காமல் விற்காதீர்கள். பாதம் நிலத்தில் படவேண்டும், தலை மெத்தையில் படவேண்டும். இதில் ஒன்று தவறினாலும் அது வெறும் அலங்காரச் சாமான்.

ஆனால் இங்கே நல்ல கதிரை முக்கால்வாசியும் வெளிநாட்டில் இருப்பவருக்காகத்தான் வாங்கப்படுகிறது. வந்தால் இருக்கட்டும் என்று வாங்கி வைப்பார்கள். அப்படிப்பட்டவர்களுக்கு நான் கண்டுபிடித்த வழி வீடியோ கோல். அங்கே இருப்பவரை ஒரு கதவுக்குப் பக்கத்தில் எழும்பி நிற்கச் சொல்வேன். கதவின் பிடி அவருக்கு எந்த இடத்தில் வருகிறது என்று பார்த்தால் அளவு பிடிபட்டுவிடும்.

பேசாலை அக்கா

பிலோமினா அக்கா பேசாலையிலிருந்து வந்தது ஒரு மத்தியான நேரம். கடையில் ஈ காக்கை இல்லை. நேரே போய் ஒரு குங்குமச் சிவப்புக் கதிரைக்கு முன்னால் நின்றுவிட்டார். நல்ல ஸ்டைலான கதிரை அது. மெல்லிய கால், தையல் தெரிகிற தோல், கை வைக்கிற இடத்தில் கோப்பைக்கு ஒரு குழி, வலப்பக்கம் இழுத்தால் சாய்கிற கைப்பிடி.

"இதுதான் தங்கச்சி. என்ரை மனிசனுக்கு இந்தச் சிவப்பெண்டா உயிர்."

"அவர் எங்கை அக்கா?"

"லண்டனிலை. வாற திருவிழாவுக்கு வாறன் எண்டு சொன்னவர்."

சொல்லிவிட்டுத் தானே சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"எல்லாத் திருவிழாவுக்கும் அப்பிடித்தான் சொல்லுறார். முந்தி விசா இல்லை. இப்ப விசா இருந்தும் வாறாரில்லை. அங்கை அவருக்கு வேறை ஆரோ இருக்கெண்டு ஊரிலை கதைக்கினம். நாளாந்தம் முகத்தைக் காட்டிக் கதைக்கிற மனிசனிட்டை அதை எப்பிடிக் கேக்கிறது? உங்களுக்குக் கதிரை வாங்கி வைச்சிட்டன் எண்டு சொல்லிப் பாப்பம். வாறாரோ இல்லையோ எண்டு அதிலை தெரிஞ்சிடும்."

மற்றவரின் கவலையை இரவல் வாங்கி அழுகிற பழக்கம் எனக்கில்லை. ஆனாலும் அன்று மனம் கனத்தது. எனக்கு வீட்டில் கதிரை பார்த்து வைத்துக் காத்திருக்க அப்படி ஒருவரும் இல்லை. இல்லாததால் வருகிற ஏக்கம் பெரிதா, இருந்தும் வராததால் வருகிற ஏக்கம் பெரிதா என்று யோசித்துக்கொண்டே அவருடைய ஃபோனை வாங்கினேன்.

வீடியோ கோலில் அக்காவின் கணவர் வந்தார். வழித்த முகம், படிய வாரிய தலை, இஸ்திரி போட்ட சேட்டு. கழுத்துக்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை.

"அண்ணை, ஒருக்கா எழும்பிக் கதவடியிலை நில்லுங்கோ, அளவு பாக்கவேணும்."

"ஏன் தங்கச்சி? நான் முந்தியிருந்த ஆள்தான். பிலோவுக்குத் தெரியும்."

"அக்காவுக்குத் தெரிஞ்சது பழைய அளவு. அளவு பிழைச்சா முதுகு நாரி நோகும். எழும்புங்கோ."

"பிறகு பாப்பமே."

"அளவில்லாமல் நான் கதிரை தரமாட்டன் அண்ணை. முதலாளி வந்து கேட்டாலும் தரமாட்டன்."

ஃபோனை எதிலோ சாய்த்து வைத்துவிட்டு எழும்பினார். இடக்கையால் மேசையைப் பிடித்தார், பிறகு சுவரைப் பிடித்தார். வலக்கை அசையாமல் தொங்கியது. வலக்காலை இழுத்து இழுத்துக் கதவடிக்குப் போய்ச் சேர்ந்து எங்களைப் பார்த்து நின்றார். பாரிசவாதம் வந்த ஆள் என்று விளங்கிக்கொள்ள வைத்தியர் தேவையில்லை.

நான் அக்காவைப் பார்த்தேன். அவர் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"காணும், போய் இருங்கோ," என்றார். "மெலிஞ்சுபோனியள். நேரத்துக்குச் சாப்பிடுங்கோ." கோலை வெட்டிவிட்டு அந்தச் சிவப்புக் கதிரையிலேயே இருந்துவிட்டார்.

தண்ணீர் கொடுத்தேன். குடித்தார். "நான் இவ்வளவு காலமும் அவரைப் பிழையா நினைச்சுப்போட்டன் தங்கச்சி. இப்பிடி வந்து என்ரை கண்ணிலை முழிக்க வெக்கப்பட்டிருக்கிறார்," என்றார். சீலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். பிறகு கதிரையின் வலப்பக்கம் கையை விட்டுத் தடவினார்.

"இந்தக் கைப்பிடி இடப்பக்கம் இருக்கிற கதிரை வருமோ?"

இறக்குமதியாகி வருவதெல்லாம் வலப்பக்கம்தான். நான் மூலையில் இருந்த சாம்பல் நிறக் கதிரையைக் காட்டினேன். கரண்டில் வேலை செய்வது, பட்டனை அழுத்தினால் ஆளை எழுப்பி நிறுத்தும். நோயாளிகளுக்கு அதுதான் தோது.

அக்கா அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. "ஆசுப்பத்திரிக் கதிரை வேண்டாம். அவர் வடிவா உடுக்கிற ஆள். வருத்தக்காரன் எண்டு என்ரை வீட்டுக் கதிரை அவருக்குச் சொல்லக்கூடாது. எனக்கு இதேதான் வேணும். இதே சிவப்பு, இதே தோல். கைப்பிடி மட்டும் இடப்பக்கம்."

ஸ்டைல் பார்த்துக் கதிரை எடுப்பவர்களை அதுவரை எவ்வளவு திட்டியிருப்பேன். அன்று நானே அந்தச் சிவப்பை ஓடர் கொப்பியில் எழுதிக்கொண்டேன்.

கதிரை போன நாள்

கொழும்பில் எங்களுக்குச் செய்து கொடுக்கிறவரிடம் கெஞ்சி மன்றாடி அதே மாதிரி ஒன்று செய்வித்தோம். டெலிவரி லொறியில் நானும் பேசாலைக்குப் போனேன். முன்னறையில் சுவரை விட்டுத் தள்ளி வைத்தோம். சுற்றி வந்து பார்த்துவிட்டு அக்கா சொன்னார், "இடப்பக்கத்தாலை ஒரு படம் எடுத்து அவருக்கு அனுப்பு தங்கச்சி. கைப்பிடி தெரியவேணும்."

அக்காவின் ஃபோனிலேயே எடுத்து அனுப்பினேன். அவர் பார்த்துவிட்டார் என்று ஃபோன் காட்டியது. பதில் வரவில்லை. நாங்கள் தேத்தண்ணி குடித்து முடித்தபிறகுதான் குரல் பதிவு ஒன்று வந்தது.

"பிலோ, கைப்பிடி..." அவ்வளவுதான். பிறகு மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.

அக்கா ஃபோனை வாய்க்குக் கிட்டப் பிடித்தார். "ஓம். நான்தான் அப்பிடிச் செய்விச்சனான். நீங்கள் வாங்கோ."

இதை எழுதுகிற இன்றைக்கு அவர் இன்னும் வரவில்லை. டிக்கெட் போட்டாயிற்று. வெளிநாட்டு ஆளுக்குக் கதிரை கேட்டு யார் வந்தாலும், அளவுக்காக மட்டுமில்லை, ஆளுக்காகவும் ஒருக்கா எழுப்பி நிறுத்திப் பாருங்கள் என்று புதிய பிள்ளைகளிடம் சொல்கிறேன்.

போன கிழமை அக்கா கடைக்கு ஃபோன் எடுத்தார். புதுக் கைப்பிடி கொஞ்சம் இறுக்கமாக இருக்கிறதாம், எண்ணெய் விட ஆள் அனுப்ப வேண்டுமாம். பாவிக்கப் பாவிக்க இளகும் அக்கா, நீங்களே இருந்து இழுத்துப் பாருங்கோ என்றேன்.

"ஒவ்வொரு நாளும் இழுக்கிறன் தங்கச்சி," என்றார். "இடக்கையாலைதான் இழுக்கிறன். அவர் வரேக்கை லேசாக் கிடக்கவேணும்."